சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு: பயணக் காப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தில் லுக்லா விமான நிலையத்தில் இறங்கி எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்ப ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் அல்லர். பிள்ளைகள் படிப்பை முடித்து, வீட்டுக் கடனும் தீர்ந்த பிறகுதான் பலருக்கு அந்த ஆசைக்கு நேரம் கிடைக்கிறது. அதற்குள் சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று மாத்திரை டப்பாவும் கூடவே வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. மலைக்குப் போகலாமா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். போன இடத்தில் ஏதாவது ஆனால் செலவை யார் ஏற்பார்கள் என்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேச்சு.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு பயணக் காப்பீடு எடுத்தேன். அதே மாதிரி ஒன்றை நேபாளத்துக்கும் எடுத்தால் போதாதா?

போதாது. சாதாரண வெளிநாட்டுப் பயண பாலிசிகளில் சாகச விளையாட்டுகளைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள். மலையேற்றம், பாராகிளைடிங், ஸ்கூபா டைவிங், ஆற்றின் வேகமான நீரோட்டத்தில் ரப்பர் படகில் பாய்வது எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். அதற்கென்று கூடுதல் பிரீமியம் கட்டி சாகச விளையாட்டு ரைடர் (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் பிரிவு) ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது அதை உள்ளடக்கிய பாலிசியாகவே வாங்க வேண்டும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உயர வரம்பு. ‘மலை நடைப்பயணம் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை மீட்டர் வரை என்பது உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும். லுக்லா சுமார் 2,860 மீட்டர், நாம்சே பஜார் 3,440, கடைசி இரவு தங்கும் கோரக் ஷெப் 5,164. அடிவார முகாமின் உயரம் 5,364 மீட்டர் என்பதைப் பார்த்து அதற்கேற்ற வரம்போடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் மறுநாள் விடியற்காலையில் எவரெஸ்ட்டைப் பார்க்கக் காலா பத்தர் ஏறுவார்கள். அது 5,500 மீட்டருக்கும் மேலே. வரம்பு 6,000 மீட்டர் இருந்தால் கவலை இல்லை.

கயிறு, பனிக்கோடரி, கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) ஆகியவற்றைப் பயன்படுத்தினால் அது நடைப்பயணம் இல்லை, மலையேற்றம் என்று பல பாலிசிகள் பிரித்துவைக்கின்றன. அடிவார முகாமோடு சேர்த்து ஐலண்ட் பீக் என்ற சிகரமும் ஏறலாம் என்று யாராவது ஆசை காட்டினால், பழைய பாலிசி அங்கே செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாகச ரைடர் வாங்கிவிட்டேன். சர்க்கரை இருப்பதையும் படிவத்தில் எழுதிவிட்டேன். இனி நிம்மதியாகக் கிளம்பலாம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

சாகச ரைடர் ஒரு பூட்டைத் திறக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காப்பீடு இன்னொரு பூட்டைத் திறக்கிறது. உங்களுக்கு மலையில் வரக்கூடிய சிக்கலோ இரண்டு பூட்டுகளும் சேர்ந்து தொங்கும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கால் பிசகி எலும்பு முறிந்தால் ரைடர் பணம் தரும். அதற்கும் உங்கள் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. காத்மாண்டு விடுதியில் நெஞ்சு வலி வந்தால் நோய்க்கான பிரிவு, தன் வரம்புக்குள், பணம் தரலாம். அதற்கும் மலைக்கும் தொடர்பில்லை. ஆனால் 4,900 மீட்டரில், லோபுச்சேயில், நடந்து களைத்த நிலையில் நெஞ்சு வலி வந்தால்? ரைடரின் பக்கத்தைப் புரட்டினால், ‘ஏற்கெனவே உள்ள நோயால் ஏற்படும் செலவுகள் இந்தப் பிரிவில் அடங்கா’ என்று இருக்கக்கூடும். நோய்ப் பிரிவின் பக்கத்தைப் புரட்டினால், ‘சாகச நடவடிக்கைகளின்போது ஏற்படுபவை அடங்கா’ என்று இருக்கக்கூடும். இரண்டு பிரீமியமும் கட்டியவர் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுவார்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு பிரிவுகளும் வெவ்வேறு ஆட்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ரைடரை எழுதியவர் ஆரோக்கியமான இளைஞரை நினைத்தார். நோய்ப் பிரிவை எழுதியவர் மகன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை நினைத்தார். சர்க்கரையோடு மலை ஏறுகிறவரை இருவருமே நினைக்கவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் ‘எல்லாம் அடங்கும் சார்’ என்று சொல்கிறவர் கிளைம் வரும்போது அந்தப் பணியில் இருக்கமாட்டார். கடிதம் இப்படி இருக்கலாம்: “எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. சாப்பிடும் மாத்திரைகளும் அளவும் இவை. இந்தத் தேதிகளில் நேபாளத்தில், வழிகாட்டியோடு, கயிறு முதலிய கருவிகள் இல்லாமல், 5,600 மீட்டர் வரை நடக்கப்போகிறேன். அந்த நடையின்போது மேற்சொன்ன நோய்கள் காரணமாகவோ, அவை தீவிரமடைந்தோ மருத்துவமனைச் சிகிச்சையும் ஹெலிகாப்டர் மீட்பும் தேவைப்பட்டால் நீங்கள் பணம் தருவீர்களா? பாலிசியின் எந்தப் பிரிவின்கீழ், எந்த உச்சவரம்பு வரை?”

பதிலில் பிரிவு எண் இருந்தால் அந்த நிறுவனத்தை நம்பலாம். ‘பாலிசி விதிகளுக்கு உட்பட்டு’ என்று மட்டும் பதில் வந்தால் அதை ‘இல்லை’ என்று படித்துக்கொண்டு அடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

எதையெல்லாம் ஏற்கெனவே உள்ள நோய் என்பார்கள்? எனக்குத் தைராய்டு மாத்திரை மட்டும்தான்.

அதுவும் சேரும். மருத்துவர் கண்டறிந்தது, மருந்து எழுதிக் கொடுத்தது, பரிசோதனை செய்யச் சொன்னது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையை நோயாகவே பலர் எண்ணுவதில்லை. ‘டாக்டர் சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்காகக் கொடுத்தார்’ என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு மாத்திரையை வைத்தே ஒரு கிளைம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கதை அடுத்த கேள்வியில் வருகிறது.

உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் 36 மாதக் காத்திருப்பு முடிந்துவிட்டது, ஆகவே சர்க்கரைக்கும் பணம் கிடைக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அந்த பாலிசியோடு சரி. சில நாள்களுக்கு எடுக்கும் பயண பாலிசிக்கு அதன் வரையறைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும்.

சர்க்கரை இருப்பதைச் சொன்னால் பிரீமியம் ஏறும், சில நிறுவனங்கள் தரவே மறுக்கும். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியும். அவர் அதை எழுதி வைப்பார். காத்மாண்டு மருத்துவமனையில் சேர்த்தவுடன் முதல் கேள்வியே ‘சர்க்கரை, பிரஷர் உண்டா, எத்தனை ஆண்டாக, என்ன மாத்திரை’ என்பதுதான். உயிர் பிழைக்க வேண்டிய நேரத்தில் யாரும் அங்கே பொய் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ‘எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருக்கிறார்’ என்று ஒரு வரி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும். கிளைம் பிரிவில் இருப்பவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

காப்பீட்டு ஒப்பந்தத்துக்கு அடிப்படை முழு நேர்மை என்பது நம் சட்டத்தில் உறுதியான கொள்கை. நாள்பட்ட சர்க்கரை நோயையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் மருத்துவக் காப்பீடு எடுத்த ஒருவரின் வழக்கில், நிறுவனம் பணம் தர மறுத்தது சரியே என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே 2009இல் தொடங்கிய இன்னொரு கதையும் உண்டு. உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா கிளம்பிய ஒருவர், தமக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லி, மருத்துவப் பரிசோதனையும் செய்துகொண்டு வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்தார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே மாரடைப்பு. ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன, மருத்துவமனைச் செலவு லட்சக்கணக்கான டாலர்கள். அவருடைய சர்க்கரையையும் கொழுப்பையும் காரணம் காட்டி, ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லவில்லை என்றும் கூறி, நிறுவனம் மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. நோயைத் தெரிந்துகொண்டு, மதிப்பிட்டு, பிரீமியம் வாங்கி பாலிசி கொடுத்த நிறுவனம், பிறகு அதே நோயைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் கொடுப்பது வழக்கமான தடுப்பு முறைதான் என்றது.

சொன்னவர் வென்றார், அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சொல்லாதவருக்கு வாதாடவே இடம் இல்லை. நீங்கள் ஸ்டாட்டினையும் எழுதிவிட்டால் அந்தப் பன்னிரண்டு ஆண்டும் மிச்சமாகலாம்.

‘உயிருக்கு ஆபத்தான அவசரநிலையில் மட்டும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம்’ என்று பாலிசியில் இருக்கிறது. அது நல்லதா, கெட்டதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். இந்தியப் பயண பாலிசிகள் பலவற்றில் இந்த வாசகம் உண்டு. பணம் தரும் தொகையோ மொத்தக் காப்பீட்டில் சிறு பங்காக இருக்கும். அட்டையில் ஒரு லட்சம் டாலர் என்றிருக்கும். இந்தப் பிரிவின் உச்சவரம்பைத் தேடிப் பாருங்கள், முகம் வாடிவிடும்.

உயிருக்கு ஆபத்து என்பதை யார் தீர்மானிப்பது என்பதும் சிக்கல்தான். 4,400 மீட்டரில் திங்போச்சேயில் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. வழிகாட்டி கீழே இறங்கச் சொல்கிறார். நீங்கள் இறங்கி நலமாகிறீர்கள். உடனே இறங்கியதால்தான் ஆபத்து வரவில்லை. ஆனால் ஆபத்து வராததால் அது ‘உயிருக்கு ஆபத்தான அவசரநிலை’ இல்லை என்று எழுத இடமிருக்கிறது. பாதியில் நின்றுபோன பயணத்தின் செலவையும் சேர்த்து நீங்களே ஏற்க நேரலாம். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். கிளைமுக்குத் தகுதி வரட்டும் என்று மேலேயே உட்கார்ந்திருப்பதைவிடக் கைக்காசில் இறங்குவது எவ்வளவோ மலிவு.

உயர மலை நோய் வந்தால்? அதையும் பழைய நோய்க் கணக்கில் தள்ளிவிடுவார்களா?

தள்ளக் கூடாது. உயர மலை நோய் எவருக்கும் வரும். மாரத்தான் ஓடுகிறவரையும் விடாது. அது காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவதால் வருவது. வேகமாக ஏறுவதுதான் முக்கியக் காரணம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வையுங்கள் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஓய்வு நாளை வெட்டி விலை குறைக்கும் பயணத் திட்டங்களைச் சர்க்கரைக்காரர் மட்டுமல்ல, யாரும் வாங்கக் கூடாது.

பாலிசியில் உயர மலை நோய் என்ற பெயர் வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். விபத்துப் பிரிவில் அது சேராது. நோய் என்றே கொள்வார்கள். சில பாலிசிகள் பெயர் சொல்லியே அதை விலக்குகின்றன. அப்படிப்பட்டதை எடுத்துக்கொண்டு 5,000 மீட்டருக்கு மேலே போவதில் பொருளே இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். ரத்தச் சர்க்கரை இறங்கினால் தலைசுற்றல், தடுமாற்றம், குழப்பம் வரும். மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் கடும் மலை நோயிலும் அதே தடுமாற்றமும் குழப்பமும்தான். போதாக்குறைக்குக் குளிரிலும் உயரத்திலும் குளுக்கோமீட்டர் தவறான அளவு காட்டக்கூடும். பார்க்கும் மருத்துவர் எதை நோய்ப்பெயராக எழுதுகிறாரோ, அதைப் பொறுத்துத்தான் பணம் எந்தப் பிரிவிலிருந்து வரும், வருமா வராதா என்பதெல்லாம். ஆகவே குளுக்கோமீட்டரை உள்சட்டைப் பையில் சூடாக வைத்திருங்கள். அளவுகளை நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது. இரவில் அதுவும் உங்கள் போர்வைக்குள் தூங்கட்டும்.

வழியில் உள்ள பெரிச்சே கிராமத்தில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையம், மலையேற்றப் பருவங்களில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் திறந்திருக்கும். தலைவலி விடவில்லை என்றால் அங்கே காட்டி, எழுத்தில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கும் அது உதவும், கிளைமுக்கும் உதவும்.

ஹெலிகாப்டரை யார் கூப்பிடுவது? வழிகாட்டி கூப்பிட்டுவிட்டால் பணம் வருமா?

பேச முடிகிற நிலையில் நீங்கள் இருந்தால், முதல் அழைப்பு பாலிசி அட்டையில் உள்ள 24 மணி நேர உதவி மையத்துக்கு. முன் அனுமதி இல்லாத ஹெலிகாப்டருக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் தெளிவாகவே எழுதியிருக்கும். பேச முடியாத நிலையில் உயிர்தான் முக்கியம். அப்போதும் கூட வந்தவர் யாராவது உடனடியாகத் தகவல் தர வேண்டும். அந்த எண்ணும் பாலிசி எண்ணும் உங்கள் பையின் அடியில் இருந்தால் பயனில்லை. வழிகாட்டியிடமும் ஒரு பிரதி, கூட நடப்பவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

நிறுவனங்கள் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நேபாளத்தில் ஹெலிகாப்டர் மீட்பின் பெயரால் பெரிய மோசடி நடந்துவந்தது 2018இல் அரசு விசாரணையில் அம்பலமானது. லேசான தலைவலிக்கே பயமுறுத்தி ஏற்றுவது, ஒரே பறப்பில் பலரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவரின் காப்பீட்டிலும் முழுக் கட்டணம் பிடிப்பது, ஹெலிகாப்டரும் மருத்துவமனையும் நடைப்பயண ஏற்பாட்டாளரும் தரகு பிரித்துக்கொள்வது என்று அது நடந்தது. உணவில் சமையல் சோடாவைக் கலந்து பயணிகளுக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்ததாகக்கூடச் செய்திகள் வந்தன. அதன் பலனை இப்போது உண்மையாகவே மூச்சுத் திணறுகிறவர் அனுபவிக்கிறார். அவரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர்களில் வரும். இருவர் சேர்ந்து பறந்தால் பில்லில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நடக்க முடியாத நிலை என்பதை ஒரு மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ எழுதிக் கொடுத்தது கையில் இருந்தால் பிறகு வாதம் குறையும். நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுமா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவையுங்கள். இரண்டாவது வகை என்றால் வரம்பு தாராளமாக உள்ள கிரெடிட் கார்டு ஒன்று உங்களோடு லுக்லா வரட்டும்.

நடைப்பயண நிறுவனமே ‘இன்சூரன்ஸ் உட்பட’ என்று விலையில் போட்டிருக்கிறதே?

யாருக்கு இன்சூரன்ஸ் என்று கேளுங்கள். வழிகாட்டிக்கும் சுமைதூக்குவோருக்கும் எடுத்திருப்பார்கள். அது நல்ல விஷயம். ஆனால் அது உங்களுடையது அன்று.

வாக்காளர் அட்டையிலேயே நேபாளம் போகலாமே, பாஸ்போர்ட் இல்லாமல் காப்பீடு எடுக்க முடியுமா?

இந்தியர்கள் வாக்காளர் அட்டையோடு நேபாளம் நுழையலாம் என்பது சரி. ஆனால் வெளிநாட்டுப் பயண பாலிசிகள் பெரும்பாலும் பாஸ்போர்ட் எண் கேட்கும். இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே பாலிசி வாங்கியிருக்க வேண்டும் என்பதும் பொதுவான விதி. காத்மாண்டில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் மருத்துவர் மாத்திரை அளவை மாற்றினார். உயர மலை நோய்க்கு டயாமாக்ஸும் எழுதிக் கொடுத்தார். நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

பாலிசி வாங்கிய பிறகு மாற்றம் நடந்திருந்தால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். டயாமாக்ஸ் முன்தடுப்புக்கு, அதனால் கிளைம் கெடாது. சல்பா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

திருக்கயிலாய யாத்திரை சாகசமா? நாங்கள் சாமி கும்பிடத்தானே போகிறோம்.

சாமிக்குத் தெரியும், பாலிசிக்குத் தெரியாது. கயிலையை வலம்வரும் பரிக்கிரமாவில் தோல்மா கணவாயின் உயரம் சுமார் 5,630 மீட்டர். அடிவார முகாமைவிட அது அதிகம். மானசரோவரே 4,500 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. நோக்கம் பக்தியா பொழுதுபோக்கா என்று எந்த பாலிசியும் கேட்பதில்லை, மீட்டரைத்தான் கேட்கிறது.

வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை, உடல் நிறை எண் 25 அல்லது அதற்குக் கீழ் என்ற வரம்பும், டெல்லியில் மருத்துவப் பரிசோதனையும், வழியில் மலையில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேபாளம் வழியாகத் தனியார் அழைத்துப்போகும் பயணங்களில் அந்த வடிகட்டல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இராது. வயதான அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள், திபெத்துக்கும் பாலிசி செல்லுமா என்று பார்க்க வேண்டும். பாலிசியில் நேபாளம் மட்டும் எழுதியிருந்தால் எல்லையைத் தாண்டியதும் அது வெறும் காகிதம். உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவுக்கான பிரிவையும், மனம் ஒப்பாவிட்டாலும், படித்துவிடுங்கள்.

மாலத்தீவில் ஸ்கூபா செய்ய ஆசை. ஆஸ்துமாவும் சர்க்கரையும் உண்டு.

இங்கே உயரத்துக்குப் பதில் ஆழ வரம்பு. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்கின் சட்ட வரம்பே 30 மீட்டர்தான். பாலிசியின் வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். உரிமம் பெற்ற பயிற்றுநரோடு என்ற நிபந்தனையும் இருக்கும்.

டைவிங் மையத்தில் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் என்று வரிசையாக இருக்கும். ஒன்றுக்கு ‘ஆம்’ போட்டாலும் மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள் என்பதால், கடற்கரை வரை வந்துவிட்டோமே என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடுகிறவர்கள் ஏராளம். காப்பீட்டுப் படிவத்தில் ‘ஆம்’, டைவிங் படிவத்தில் ‘இல்லை’. கிளைம் வரும்போது நிறுவனம் இரண்டாவது தாளையும் கேட்டு வாங்கும். மருத்துவரிடம் ஊரிலேயே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். இன்சுலின் எடுப்பவர்கள்கூடக் கட்டுப்பாடான நிலையில் டைவ் செய்வதற்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்குத்தான் மருத்துவர் அதிகம் யோசிப்பார்.

ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருவதால் அழுத்தக் குறைவு நோய் வந்தால் அழுத்த அறையில் சிகிச்சை தர வேண்டும். ‘அழுத்த அறைச் சிகிச்சை’ என்ற சொல் பாலிசியில் இருக்க வேண்டும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு டைவிங் விபத்துகளுக்கென்றே காப்பீடு தருகிறது; அடிக்கடி போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். பல முறை டைவ் செய்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

லடாக்கிலோ உத்தராகண்டிலோ நடந்தால்? அதற்கும் பயணக் காப்பீடு வேண்டுமா?

இங்கே நல்ல செய்தி. இந்திய மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் சாகச விளையாட்டு இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அந்த வாசகத்தை முழுதாகப் படியுங்கள். தொழில்முறையாக ஈடுபடுபவருக்கு ஏற்படும் சிகிச்சைச் செலவைத்தான் அது பொதுவாக விலக்குகிறது. ஆசைக்கு நடக்கிற நீங்கள் தொழில்முறையாளர் அல்லர். காத்திருப்புக் காலம் முடிந்த மருத்துவ பாலிசி இருந்தால், லே மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது செல்லும். மலையிலிருந்து தூக்கிவரும் மீட்புச் செலவுக்கு மட்டும் தனியாக வழி பார்க்க வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்கு எடுத்த பாலிசியோடு ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு செய்யலாமா?

செய்யலாம், காப்பீடு இல்லாமல். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதுதான் விதி. அந்த விதியை நிறைவேற்றும் பாலிசி பனிச்சறுக்கையும் சேர்த்துக்கொள்ளும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் லண்டனில் இருக்கிறேன். அக்கா டொராண்டோவில், தம்பி நியூ ஜெர்சியில். மூவரும் காத்மாண்டில் சந்திக்கிறோம். ஒரே மாதிரி பாலிசி கிடைக்குமா?

கிடைக்காது. மூவரும் அவரவர் நாட்டிலேயே வாங்குங்கள்.

பிரிட்டனில் நோய் விவரத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரீமியம் போடுவார்கள். கடுமையான நோயைக் காரணம் காட்டி மறுத்தால், அப்படிப்பட்டவர்களுக்குக் காப்பீடு தரும் நிறுவனங்களின் பட்டியலை நிறுவனமே காட்ட வேண்டும் என்ற விதி 2021 முதல் உண்டு. ‘மணிஹெல்ப்பர்’ தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது.

அமெரிக்காவில் ஏற்கெனவே உள்ள நோய்க்கான விலக்கைத் தளர்த்தும் வசதி பல பாலிசிகளில் உண்டு. ஆனால் பயணத்துக்கு முதல் பணம் கட்டி இரண்டு, மூன்று வாரங்களுக்குள் வாங்கினால்தான். தம்பி டிக்கெட் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் அந்த வண்டி போய்விட்டது.

அக்காதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கனடா பாலிசிகளில் நோய் ‘நிலையாக’ இருந்திருக்க வேண்டிய காலம் என்று ஒன்று உண்டு. 90 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்தக் காலத்தில் மாத்திரையின் அளவை மாற்றினால் நிலை குலைந்ததாகக் கொள்ளலாம். கூட்டினால் மட்டுமல்ல, நோய் தேறி மருத்துவர் குறைத்தாலும் பல பாலிசிகளில் அப்படித்தான். மலைக்காக உடம்பைத் தேற்றி மாத்திரையைக் குறைத்தவர், அதனாலேயே காப்பீட்டை இழக்க நேரும் விந்தை அங்கே நடக்கிறது.

கிளைமை மறுத்துவிட்டார்கள். இனி?

மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரிவு எண் இல்லாமல் மறுத்திருந்தால் அதையே முதலில் கேளுங்கள். நீங்கள் கிளம்பும் முன் எழுதிய மின்னஞ்சலும் அவர்கள் தந்த பதிலும் இப்போது உங்கள் கையில் இருக்கும், இருக்க வேண்டும்.

இந்தியாவில் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. ஒரே புகாரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. தொகை குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் இருந்தால் முதலில் அங்கே போவதுதான் என் யோசனை.

எந்த நிறுவனமும் எழுத்தில் ‘ஆம்’ என்று சொல்லவில்லை. பயணத்தைக் கைவிட வேண்டுமா?

அவசியமில்லை. மருத்துவர் போகலாம் என்றால், எலும்பு முறிவு போன்றவற்றுக்காக ரைடரை வைத்துக்கொண்டு, நோயால் வரும் மீட்புச் செலவைச் சொந்தப் பணமாக ஒதுக்கிவைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை ஒதுக்க முடியாது என்றால் உயரத்தைக் குறையுங்கள். நாம்சே பஜாரைத் தாண்டி, 3,867 மீட்டரில் உள்ள தெங்போச்சே மடாலயத்தோடு திரும்பிவிடலாம். 4,000 மீட்டருக்குக் கீழே பாலிசி கிடைப்பதும் எளிது, இறங்கி வருவதும் எளிது. அங்கிருந்து எவரெஸ்ட் தெரியும். அடிவார முகாமில் நின்றால் அதன் உச்சி தெரியாது.